மனவடுவும் கதையும்: எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த பிறகு, வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் படிக்கிறோம். ஒன்றரை வருடமாக ஒரே பொருள்தான்: போரும் பயங்கரவாதமும் மனிதர்களுக்குள் விட்டுப்போகிற காயத்தை இன்றைய நாவல்களும் சிறுகதைகளும் எப்படிச் சொல்கின்றன என்பது. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பாதி பதிலோடு பேச்சு திசைமாறிப் போய்விடுகிறது. அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதி வைக்கிறேன்.

மனவடு, மனவடு என்கிறீர்களே, அது என்ன? பயந்துபோவதுதானே?

பயம் வேறு. பைபாஸில் லாரி உரசிக்கொண்டு போனால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும். மனவடு அப்படி அடங்காது. எல்லாம் முடிந்துவிட்டது என்று புத்திக்குத் தெரியும், உடம்பு நம்பாது. நடந்தது அப்படியே கண்முன் திரும்ப வருவது, கெட்ட கனவு, அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் பேச்சையும் சுற்றிக்கொண்டு போவது, பெற்ற பிள்ளையோடுகூட ஒட்ட முடியாமல் போவது, செத்தவர்கள் செத்ததற்குத் தானே காரணம் என்று நினைப்பது, கதவு சாத்தும் சத்தத்துக்குத் துள்ளி எழுவது என்று பல முகம் அதற்கு உண்டு. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாடத்தைக் குலைத்தால் மருத்துவர்கள் அதைத் தனி நோயாகவே பார்க்கிறார்கள்.

முதல் உலகப் போரின்போது, 1915-ல், இதற்கு 'ஷெல் ஷாக்' என்ற பெயர் மருத்துவ இதழில் வந்தது. குண்டு வெடித்த அதிர்வில் மூளை குலுங்கியிருக்கும் என்று முதலில் நினைத்தார்கள், குண்டுக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கும் அதே நடுக்கம் வந்தபோதுதான் குழம்பினார்கள். இன்றைக்கு எல்லோரும் சொல்கிற பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது 1980-ல்தான். அதாவது வியட்நாம் போர் முடிந்து ஐந்து வருடம் கழித்து.

'மனவடு', 'உளநெருக்கீடு' இரண்டும் ஈழத்தமிழில் புழங்குகிற சொற்கள். நம் பக்கத்தில் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம்' என்று ஒரு முழ நீளத்துக்கு எழுதுகிறார்கள், அதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அங்கே மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம், ஈழத் தமிழர்களின் மனக்காயங்களைப் பற்றி 1998-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். காயம் ஒரு ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்தே விழுகிறது, ஒருவரை ஒருவர் நம்புகிற பழக்கமே உடைந்துபோகிறது என்பதை அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியவர். நாங்கள் படிக்கிற கதைகளைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவியது அந்த ஒரு கருத்துதான். ஈழத்து எழுத்தாளர் சயந்தன் 2012-ல் வந்த தன் நாவலுக்கு 'ஆறாவடு' என்று பெயர் வைத்தார். வள்ளுவர் நாக்கால் சுட்டதற்குச் சொன்ன வார்த்தை, இங்கே ஒரு போருக்கே பொருந்திவிட்டது.

ஊரில் இதைப் 'பயந்த கோளாறு' என்று மந்திரித்துக் கயிறு கட்டுவார்களே, அது மூடநம்பிக்கைதானே?

நான் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட மாட்டேன். கயிறு கட்டினால் நோய் தீரும் என்று சொல்லவில்லை. ஆனால், 'இவன் நடிக்கல, சோம்பேறி இல்ல, இவனுக்கு ஏதோ ஆயிருக்கு' என்று ஒரு குடும்பம் ஒத்துக்கொள்கிற நேரம் அது. பல வீடுகளில் அந்த ஒத்துக்கொள்ளலே நடப்பதில்லை. கயிறும் கட்டுங்கள், அப்புறம் மருத்துவரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வேலூரில் உட்கார்ந்துகொண்டு போர்க் கதை எதற்கு? நமக்கென்ன போரா வந்தது?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான், கொஞ்சம் கோபத்தோடும் கேட்கிறார்கள். நம் கோட்டைக்குள் 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் எழுந்து நின்றதும், அன்றைக்கே அவர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கன் நாடு இழந்து இதே கோட்டையில் இருந்து 1832-ல் இறந்தான், பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில்தான் அவன் சமாதி. சரி, அதெல்லாம் பழைய கதை என்று வைத்துக்கொள்வோம். கம்மவான்பேட்டையை எதற்கு 'ராணுவப்பேட்டை' என்கிறோம்? வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. மேல்மொணவூரில் முகாம் இருக்கிறது. 2021 வரை 'அகதிகள் முகாம்' என்றிருந்த பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. அங்கே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் முடித்தவர்கள் இருக்கிறார்கள். போர் நம் தெருவில் நடக்கவில்லை. ஆனால் போரிலிருந்து வந்தவர்கள் நம்மோடு ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், நான் இந்தப் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

எங்கள் ஊர் கணியம்பாடிப் பக்கம். பெரியப்பா பட்டாளத்துக்காரர். 1987-ல் இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குப் போனபோது அவருடைய பட்டாலியனும் போனது. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்புவதற்குள் ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்கள் அங்கே இறந்திருந்தார்கள். பெரியப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. முழு உடம்போடு வந்து இறங்கினார், ஊரே மாலை போட்டது, கோழி அடித்து விருந்து வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லி, அதாவது நிலக்கடலை போடுகிற நிலம். அவர் வரப்பு வரைக்கும் வருவார், அங்கேயே நிற்பார். உழுது புரட்டிப் போட்ட மண்ணில் காலே வைக்க மாட்டார். இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால், யாராவது முன்னால் நடந்து போன தடத்தைப் பார்த்துப் பார்த்து, அதே தடத்தில் காலை வைத்து நடப்பார். மழை பெய்த மறுநாள் வாசலைத் தாண்டவே மாட்டார், கால் வலி என்பார். கடைசியில் கொல்லியைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. 'பட்டாளத்துச் சோறு தின்னுட்டு வந்து உடம்பு வளைய மாட்டேங்குது' என்று ஊரில் பேசினார்கள். எங்கள் வீட்டிலும் பேசினோம், அதை மறைக்க விரும்பவில்லை.

பெரியம்மா காலையில் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவார். தெருவாசலில் ஆரம்பித்து வீட்டுப் படி வரைக்கும் ஒரு முழ அகலத்துக்கு மண்ணைப் பெருக்காமல் விட்டுவிடுவார். நேற்றைய கால்தடங்கள் அதில் அப்படியே இருக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது, பெரியம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது போல என்று நினைத்தேன். இருபது வருடம் கழித்து ஒரு நாவலில், கண்ணிவெடி புதைத்த ஒழுங்கையில், அதாவது சந்தில், முன்னால் போகிறவன் மிதித்த இடத்தையே பின்னால் வருகிறவர்கள் மிதித்துப் போகிற ஒரு பத்தியைப் படித்தேன். புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், துடைப்பத்தால் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்த நாவல்கள் ஏன் முன்னும் பின்னுமாகக் குழப்புகின்றன? நேராகச் சொன்னால் என்ன?

அந்தக் காயத்துக்கு வரிசை கிடையாது, அதனால்தான். பாவோ நின் என்ற வியட்நாம் எழுத்தாளரின் 'போரின் துயரம்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அவரே போர்க்களத்தில் நின்றவர், ஐந்நூறு பேர் போன படைப்பிரிவில் உயிரோடு திரும்பிய பத்துப் பேரில் ஒருவர். நாவலின் நாயகன் கியென், போர் முடிந்த பிறகு காட்டுக்குள் போய்க் காணாமல்போன சிப்பாய்களின் எலும்புகளைத் தேடி எடுக்கும் குழுவில் இருக்கிறான். பிறகு எழுத உட்கார்கிறான். ஒரு பக்கம் காதலியோடு ரயிலில் இருக்கிறோம், அடுத்த பத்தியில் பத்து வருடம் தாண்டிவிடுகிறோம், மறுபடி அதே ரயிலுக்கே திரும்பி வருகிறோம். முதல் முறை பார்த்ததில் சொல்லாமல் விட்டது ஒன்று இரண்டாம் முறை தெரியும், அதற்கும் அடியில் ஒன்று மூன்றாம் முறை. நாற்பது பக்கம் வரைக்கும் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம்தான் பிடிபட்டது. அந்த ரயிலில் நடந்ததை நேராகச் சொல்ல அவனால் முடியவில்லை. சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அடி கிட்டே போகிறான்.

இதற்கு நேர் எதிரான ஒரு இடமும் இருக்கிறது. வெளிநாட்டில் தஞ்சம் கேட்கிறவர் தன் கதையை அதிகாரியிடம் தேதி வாரியாக, ஒன்றுக்கொன்று முரண்படாமல், சாட்சியோடு சொல்லியாக வேண்டும். தேதி மாறினால் பொய் என்று முடிவுகட்டிவிடுவார்கள். சிறுவயதில் புலிகள் இயக்கத்தில் இருந்து, பிறகு பிரான்ஸில் தஞ்சம் புகுந்த ஷோபாசக்தி 2001-ல் வெளியிட்ட 'கொரில்லா' நாவலைத் தஞ்ச விண்ணப்பத்தின் வடிவத்தில்தான் தொடங்கினார். அந்த விண்ணப்பத்தில் அடங்குவது எவ்வளவு, வெளியே வழிந்து போவது எவ்வளவு என்று படிக்கிறபோதே உறைக்கும். விண்ணப்பத்துக்குள் உட்காராததை எல்லாம் வாங்கிக்கொள்ளத்தான் நாவல் என்ற வடிவம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

போர், குண்டுவெடிப்பு இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கலாமா?

கதைகளில் இரண்டும் வேறு வேறு மாதிரிதான் நடந்துகொள்கின்றன. போர் வருடக்கணக்கில் நீள்கிறது, அதற்குள்ளேயே சமையலும் சாவும் கல்யாணமும் நடக்கின்றன, ஆட்கள் அதற்கென்று ஒரு பழக்கம் உண்டாக்கிக்கொள்கிறார்கள். குண்டுவெடிப்பு ஒரு நொடி. தக்காளி வாங்கப் போனவர், பஸ்ஸுக்கு நின்றவர். அதனால் அந்தக் காயத்தில் 'அன்றைக்கு மட்டும் போகாமல் இருந்திருந்தால்' என்ற ஒரு முள் எப்போதும் இருக்கும்.

கரண் மகாஜன் 2016-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'சிறிய குண்டுகளின் சங்கம்' என்ற நாவல் 1996-ல் டெல்லி லஜ்பத் நகர் சந்தையில் வெடித்த குண்டிலிருந்து தொடங்குகிறது. பழுதுபார்க்கக் கொடுத்த டி.வி.யை வாங்கிவரப் போன அண்ணன் தம்பி இருவரும் இறந்துபோகிறார்கள், கூடப் போன நண்பன் மன்சூர் பிழைக்கிறான். ஒரு பழைய டி.வி.க்காகவா பிள்ளைகளை அனுப்பினோம் என்ற வலி பெற்றவர்களை வருடக்கணக்கில் அரிக்கிறது. பிழைத்த மன்சூருக்கு மணிக்கட்டு வலி விடுவதில்லை. அதோடு அவன் முஸ்லிம். குண்டில் அடிபட்டவனும் அவன்தான், குண்டு வெடித்தால் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறவனும் அவன்தான்.

இந்த நாவலை மாடியில் பேசிய அன்றைக்கு, மேல்விஷாரத்திலிருந்து வருகிற நண்பர் ஒருவர் வாயைத் திறந்தார். அதுவரை பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பவர். 1998 பிப்ரவரி 14-ல் கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்களே, அந்த மாதம் தோல் வியாபாரமாக வெளியூர் போயிருக்கிறார். ஒரு லாட்ஜில் பேரைச் சொன்னதும் ரூம் இல்லை என்றார்களாம். பின்னாலேயே வந்தவருக்குச் சாவி கொடுத்ததைப் படியில் நின்று பார்த்திருக்கிறார். 'ராத்திரி பூரா பஸ் ஸ்டாண்ட்ல ஒக்காந்திருந்தேன். இன்னிக்கும் எந்த ஊர் லாட்ஜுக்குப் போனாலும் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி தொண்டை அடைச்சுக்குது' என்றார். இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. இறந்தவர்களின் குடும்பத்து வலிக்கு இதை ஈடாக அவர் சொல்லவில்லை, நாங்களும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு குண்டு எவ்வளவு தூரம் போய்த் தைக்கிறது என்பதை அந்த நாவலும் அவரும் சேர்ந்துதான் எனக்குக் காட்டினார்கள்.

குண்டு வைத்தவன் மனசையும் எழுதுகிறார்களே, அது அவனை நியாயப்படுத்துவது ஆகாதா?

ஆகலாம், எழுதுகிற விதத்தில் இருக்கிறது. நான் வைத்திருக்கிற அளவுகோல் ஒன்றுதான்: இறந்தவர்களுக்கு அந்தக் கதையில் பெயரும் பசியும் பழக்கமும் இருக்கிறதா என்று பார்ப்பேன். குண்டு வைத்தவனுக்கு நூறு பக்கத்துக்குப் பால்யமும் காதலும் கொடுத்துவிட்டு, செத்தவர்களை 'முப்பது பேர்' என்று ஒரு வரியில் முடிக்கிற நாவலை நான் பாதியில் வைத்துவிடுகிறேன். இரண்டு பக்கத்தையும் அதே கவனத்தோடு எழுதினால், அவனைப் புரிந்துகொள்வதால் அவன் செய்ததன் கனம் குறையாது, கூடும். அவனும் அம்மா கையால் சாப்பிட்டவன்தான் என்று தெரிகிறபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

எதிலிருந்து தொடங்கலாம்?

சிறுகதையிலிருந்து. உருது எழுத்தாளர் மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' சில பக்கங்கள்தான். பிரிவினைக்குப் பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் மனநலக் காப்பகத்தில் இருப்பவர்களைக்கூட மதம் பார்த்துப் பரிமாறிக்கொள்வதைப் பற்றியது, முதல் முறை வருகிறவர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறோம். அதன் பிறகு ஈழத்து எழுத்துக்கு வாருங்கள். நம் மொழியில் இருப்பதால் அது சுலபமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், நம் மொழியில் இருப்பதாலேயே அதிகமாகத் தைக்கும். ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு அனுக் அருட்பிரகாசம். கொழும்பில் வளர்ந்த தமிழர், ஆங்கிலத்தில் எழுதுகிறார். 2016-ல் வந்த அவருடைய முதல் நாவல் போரின் கடைசிக் கட்டத்தில், ஒரு முகாமில், ஒரு பகலும் இரவும் நடப்பது. குளிப்பது, முடி வெட்டிக்கொள்வது, மலம் கழிப்பது, ஒரு பெண் பக்கத்தில் தூங்க முயல்வது, இவற்றைப் பக்கம் பக்கமாக, மிக மெதுவாக எழுதியிருக்கிறார். பீரங்கிக் குண்டு விழுந்துகொண்டிருக்கிற இடத்தில் ஒருவன் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரம் எடுத்துக்கொள்வதைப் படித்தபோது எனக்கு வந்த அழுகை, எந்தச் சண்டைக் காட்சிக்கும் வந்ததில்லை. 2021-ல் புக்கர் இறுதிப் பட்டியலுக்கு வந்த இரண்டாவது நாவலில் ராணி என்று ஒரு அம்மா வருகிறார், போரில் இரண்டு மகன்களையும் பறிகொடுத்தவர். சிகிச்சைக்கு மின்அதிர்ச்சி கொடுக்கிறார்கள், அப்படியும் வேறு வீட்டில் வேலைக்குப் போய் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார். அவரை மறப்பது கஷ்டம்.

பாவோ நின்னை முதலில் எடுக்காதீர்கள், நாலைந்து புத்தகம் தாண்டிப் போங்கள்.

படித்தால் தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை. என்ன செய்வது?

நிறுத்திவிடுங்கள். முழுவதும் படித்தே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ராத்திரி படிக்காமல் பகலில் படிப்பதும், தனியாகப் படிக்காமல் யாரோடாவது சேர்ந்து படிப்பதும் எங்களுக்கு உதவியிருக்கிறது. உங்களுக்கே பழைய காயம் ஒன்று இருந்து, கதை அதைக் கிளறிவிட்டால், அதை வாசிப்பு வட்டத்தில் பேசி ஆற்றிவிடலாம் என்று நம்பி இருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணுக்கு எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நம் ஊரிலேயே பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் கூடத் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிய இடம் அது. பாகாயம் என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிற பழக்கத்தை நம் ஊர்க்காரர்கள் விட்டால் நல்லது.

கதை படித்தால் இந்தக் காயம் குணமாகுமா?

ஆகாது. போர் நடந்த நாடுகளில் எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் மதிப்பிட்டது. அவர்களுக்கு வேண்டியது மருத்துவரும், வீடும், வேலையும், காணாமல்போனவர்களைப் பற்றிய பதிலும்தான். கதை வேலை செய்வதெல்லாம் பக்கத்தில் இருக்கிற நம்மிடம்தான். பெரியப்பாவை நாங்கள் சோம்பேறி என்று சொன்ன அந்த வருடங்களில் ஒரே ஒரு நல்ல கதை எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

முகாமில் இருப்பவர்களிடம் போய் அவர்கள் கதையைக் கேட்கலாமா?

நீங்களாகப் போய்க் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் ப்ராஜெக்டுக்காக நோட்டும் செல்போனுமாகப் போய் 'அக்கா, அன்னிக்கு என்ன நடந்துச்சு' என்று நேராக ஆரம்பித்துவிடுகிறார்கள், கேட்டு முடித்ததும் பஸ் பிடித்து வந்துவிடுகிறார்கள். கிளறிவிட்ட ராத்திரி அந்த அக்காவுக்குத்தான்.

எங்கள் வட்டத்துக்கு முகாமிலிருந்து ஒரு அக்கா வருகிறார். 1990-ல் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துக்கு வந்தவர். ஏழெட்டு மாதம் வரைக்கும் புத்தகத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார், நாங்களும் வேறு எதையும் கேட்டதில்லை. ஒரு நாள், கடல் கடந்து வருகிற ஒரு கதையில் படகு முழுக்க ஒப்பாரி வைத்து அழுவதாக ஒரு காட்சி. அவர் தலையை ஆட்டி, 'இது பிழை தம்பி' என்றார். 'போட்டில ஏறினாப் பிறகு ஒருத்தரும் அழேல்ல, கதைக்கவும் இல்ல. குழந்தையளும் அப்பிடித்தான். மண்டபத்தில இறங்கி பேர் எழுதேக்கதான் என்ர குரலையே நான் திரும்பக் கேட்டனான். அது என்ர குரல் மாதிரி இருக்கேல்ல.' சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்களும் அடுத்த பக்கத்துக்குப் போனோம்.

போரைப் பார்க்காத நான் இதைப் பற்றி எழுதலாமா?

எழுதலாம். ஆனால் எங்களிடம் படிக்கக் கொடுக்கப்படும் கையெழுத்துப் பிரதிகளில் திரும்பத் திரும்ப வருகிற சில விஷயங்களைச் சொல்கிறேன். தீபாவளிப் பட்டாசு வெடித்ததும் மாஜி சிப்பாய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வது. உண்மையிலேயே நடப்பதுதான், ஆனால் எல்லோரும் அதையே எழுதினால் வாசிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். உங்கள் ஆளுக்கு மட்டுமே உரிய ஒன்றைத் தேடுங்கள். அவர் எந்த நாற்காலியில் உட்கார மாட்டார், எந்தச் சாப்பாட்டை மூடி வைக்கச் சொல்வார், வீட்டில் யார் அதைக் கவனித்து ஓசைப்படாமல் ஏற்பாடு செய்து வைக்கிறார். இன்னொன்று, மனக்காயம் பட்டவனைக் கடைசியில் கொலைகாரனாக ஆக்குவது. இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் நான் பார்த்தவரைக்கும் அவர்கள் அடுத்தவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருக்கத்தான் படாத பாடு படுகிறார்கள். மூன்றாவது, கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிடுவதாக முடிப்பது. ரத்தத்தை அதிகம் எழுதாதீர்கள் என்றும் சொல்வேன். பார்த்தவர்கள் அதை அவ்வளவு விலாவாரியாகச் சொல்வதில்லை.

நம் பக்கத்தில் இதையெல்லாம் பேசுவதற்கு முன்பே ஏதாவது வழி இருந்ததா?

படுகளம் பார்த்ததில்லையா? வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்களில், பங்குனி தொடங்கி வைகாசி வரை, பகலில் பாரதப் பிரசங்கமும் ராத்திரி கூத்தும் நாள் கணக்கில் நடந்து, கடைசியில் ஒரு காலையில் மைதானத்தில் துரியோதனனை மண்ணால் செய்து படுக்க வைப்பார்கள். பெரிய உருவம், தலையிலிருந்து கால் வரைக்கும் நடந்து போகவே நேரம் பிடிக்கும். வேஷம் கட்டிய பீமன் தொடையை அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள், சாயங்காலம் தீமிதி.

சின்ன வயதில் எனக்குப் பீமன் அடிக்கிற கட்டம்தான் பிடிக்கும். இப்போது அதற்குப் பின்னால் வருகிற ஒப்பாரிக்காகத்தான் போகிறேன். நூறு பிள்ளைகளையும் இழந்த காந்தாரி வந்து அழுகிறாள், துரியோதனனுக்காக. ராத்திரி பூரா அவன் சாகவேண்டும் என்று காத்திருந்த அதே ஜனம், கூடவே மூக்கைச் சிந்துகிறது. போன முறை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி காந்தாரி பாட்டோடு சேர்ந்து தன் சொந்த மகன் பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். அவருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. வருடத்தில் ஒரு நாள், கூட்டத்தோடு கூட்டமாக, யாரும் எதுவும் விசாரிக்காமல் அழுதுவிட்டுப் போக நம் ஊர் ஒரு இடம் வைத்திருக்கிறது. நல்ல போர் நாவலைப் படிக்கும்போது எனக்கு அந்த மைதானத்தில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கிறது.

உங்கள் பெரியப்பாவுக்கு இந்தக் கதைகளைப் படித்துக் காட்டினீர்களா?

பல வருடம் தைரியம் வரவில்லை. போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அவராகவே, 'ஞாயித்துக்கெழமை மாடியில ஒக்காந்து இன்னாடா படிக்கிறீங்க?' என்று கேட்டார். பையில் புத்தகம் இருந்தது, அந்த ஒழுங்கைப் பத்தி இருக்கிற நாவல்தான். 'போர்க் கதை பெரியப்பா, அந்த ஊர்ல நடக்கறது. வேணாம்னா விட்டுடலாம்' என்றேன். 'படி' என்றார். பெரியம்மா உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஒன்றரைப் பக்கம் படித்திருப்பேன். 'இரு. அது செம்மண்ணா, மணலா?' என்று கேட்டார். புத்தகத்தில் அது இல்லை. தெரியல பெரியப்பா என்றேன். 'மணல்னா தடம் சரியா நிக்காது' என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. தெருவில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள், அது தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

'எல்லாம் சரியாத்தான் எழுதிக்கீறாங்க' என்றார் கடைசியில். 'ஆனா ராத்திரி மழ பேஞ்சா தடம் அத்தனையும் போயிடும், காலையில மொதல் ஆளு யாரு போறதுன்னு நிக்கணும். அத எழுதல.'

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் அதை அப்படியே எழுதி வைத்தேன். பெரியம்மா எழுந்து டீ போடப் போனார்.